ஷெர்லினின் மல்லிகை எண்ணெய்

தங்கச்சி ஷெர்லினை அடக்கம் பண்ணி மூன்றாவது வாரம், ஞானம்மா தன் துணிப்பெட்டியோடு பென்னலூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகாதவள். பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை, மதியத்துக்குள் முடிந்துவிடும். ஷெர்லின் ஒரகடம் ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போயிருந்தாள். அவள் புருஷன் பிரசன்னாவுக்கு நைட் ஷிப்ட். நாலு வயசு நிலாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

வந்த புதிதில் பிரசன்னா பேசவே மாட்டான். காலையில் வந்து படுப்பான், தூங்கமாட்டான். வைத்த சோறு அப்படியே இருக்கும்.

ஒருநாள் பீரோவில் துணி அடுக்கும்போது ஞானம்மா கையில் சின்னப் பழுப்பு நிறப் பாட்டில் ஒன்று தட்டுப்பட்டது. ஷெர்லின் ஆன்லைனில் வாங்கிய மல்லிகை எண்ணெய். வாசனைப் புகை விடும் மின்சார டப்பாவில் தண்ணி ஊற்றி ரெண்டே சொட்டு விடுவாள், ஜன்னலைத் திறந்து வைப்பாள், அரைமணி நேரத்தில் அணைத்துவிடுவாள். நிலாவுக்குச் சளி பிடித்தால் மூச்சிழுப்பு வரும், அப்போது அதைத் தொடவே மாட்டாள். "இது தலைக்குத் தடவுற எண்ணெய் இல்லக்கா, ரொம்ப ஸ்ட்ராங்கு" என்பாள்.

ஞானம்மா ஒரு சொட்டை எடுத்துக் கதவின் பின்னால் தொங்கிய ஷெர்லினின் துப்பட்டாவில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

மதியம் பிரசன்னா எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, ஷெர்லின் வந்தாளா?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "பக்கத்துல நின்னுகினு இருந்தா அண்ணி" என்றான். அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாளும் ஞானம்மா துப்பட்டாவில் ஒரு சொட்டு விட்டாள். அதற்கடுத்த நாளும். பழகப் பழக மூக்குக்கு அந்த வாசனை தெரியாமல் போனது. ஒன்று ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. வாசனை வெளியே போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள். தன் கழுத்திலும் காதோரத்திலும் அப்படியே தடவிக்கொண்டாள். கழுத்து சிவந்து, எரிந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் போட்டன. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பாட்டில் தீர்ந்ததும் புதுசு வரவழைத்தாள்.

போகப்போக அவளுக்கே பயம் வந்தது. கேன்டீனில் சாம்பார் கொதிக்கும்போது திடீரென்று மல்லிகை வாசம் அடிக்கும். யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஆள் இருக்காது. பிரசன்னா கம்பெனியில் கூடுதல் நேர ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். தட்டு ஒன்று அதிகமாக வைக்கச் சொன்னான்.

ஒரு மத்தியானம் அவன் உள்ளேயிருந்து மெதுவாகக் கூப்பிட்டான்.

"அண்ணி, இங்க வாங்க. கேளுங்க. மூச்சு வுடுறா."

ஞானம்மா காதைக் கொடுத்தாள். கேட்டது. இருட்டறையில் யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுக்கும் சத்தம். கூடவே மெல்லிய விசில். சத்தம் கீழேயிருந்து வந்தது. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள்.

நிலா. அம்மாவின் துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். விலா எலும்பு குழி விழுந்து ஏறி இறங்கியது. பக்கத்தில் மூடி திறந்த பாட்டில் கவிழ்ந்திருந்தது. உதட்டில் எண்ணெய்.

ஞானம்மாவின் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செந்தாமரை ஓடிவந்தாள். கவிழ்ந்த பாட்டிலைப் பார்த்ததும் உப்புத் தண்ணி கரைத்துக் கொண்டுவந்தாள். "வாந்தி எடுக்க வையி, ஞானம்மா!"

பிரசன்னா அதற்குள் 108-க்குப் போன் போட்டிருந்தான். "வேணாம்! வாந்தி எடுக்க வைக்கக்கூடாதாம், எண்ணெய் நுரையீரலுக்குப் பூடுமாம். பாட்டில எடுத்துகினு வரச் சொல்றாங்க!"

ஞானம்மா ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார்கள். குழந்தை அதிகம் விழுங்கவில்லை, நாக்கில் பட்டதுதான். மூக்கில் முகமூடி மாட்டிப் புகை மருந்து வைத்தபின் மூச்சிழுப்பு அடங்கியது. நர்ஸ் தென்றல் ஞானம்மாவின் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இப்படி நேரா தடவுவீங்களாம்மா? தேங்காண்ணெய் நிறைய ஊத்தி, ஒரு சொட்டு கலந்து, முழங்கை மடிப்புல கொஞ்சம் வெச்சு ஒருநாள் பாக்கணும். அரிச்சா விட்டுடணும். புள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வைக்கணும். இழுப்பு இருக்கற புள்ள வூட்ல இது எதுக்கு?"

அன்று சாயங்காலம் ஞானம்மா எல்லாவற்றையும் பிரசன்னாவிடம் சொல்லிவிட்டாள். தான் ஊற்றியது, ஜன்னலைச் சாத்தியது, எல்லாம். அவன் தலை நிமிரவில்லை.

"தெரியும் அண்ணி. மொத வாரமே தெரியும். கேட்டா நிறுத்திடுவீங்கன்னு கேக்கல."

வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள், பாயைத் தூக்கிப் போட்டார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து அந்த வாசம் கிளம்பும். பிரசன்னா கேட்டு வாங்கிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனார்கள். ஞானம்மா மல்லிகைப் பூக்கட்டைப் பிரித்ததும் நிலா மூக்கை உறிஞ்சினாள்.

"பெரிம்மா வாசனை" என்றாள்.

ஷெர்லினின் வாசனையைப் பிடித்து வைக்கத்தான் ஞானம்மா அத்தனையும் செய்தாள். குழந்தையின் நினைவில் அது பெரியம்மாவுடையதாகிவிட்டிருந்தது. பிரசன்னா மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று முதல் நிலாவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் ஞானம்மா ஷெர்லினைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்கிறாள். ஷெர்லினுக்குப் பல்லியைக் கண்டால் பயம். ஸ்கூட்டி ஓட்டும்போது பாடிக்கொண்டே போவாள். வேர்த்தால் மூக்கு நுனி சிவக்கும். நிலா கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள். சில நாள் நடுவில் நிறுத்தி, "அப்புறம்?" என்கிறாள்.