ஒரே பாயில் கொட்டிய சோறு

என் கல்யாணத்தில் தாலி கட்டுவதா வேண்டாமா என்று இரண்டு சபைக்காரர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அப்பா என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவாரா?

வருவார் என்று தெரியும். பெற்ற மகளை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் வருவது வேறு, சாப்பிடுவது வேறு.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களுடையது இலங்கை மலையகத்தில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மாவும் நானும் தோட்டத்து ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஜெபவீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரம் அடித்த ஒரு கொட்டில், அவ்வளவுதான். மழை பிடித்தால் போதகர் பேசுவது அவர் காதுக்கே எட்டாது. தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். எங்கள் மேல் லயத்திலிருந்து போனது எங்களைப் போல இரண்டு மூன்று வீடுதான். மற்றவர்கள் எல்லாரும் கீழ் லயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமிய மாத்திக்கிட்டீங்க, சரி, அது ஒங்க இஷ்டம். கீழ் லயத்துச் சோத்தத் தின்னுட்டு வந்து எங்கிட்ட வேதம் பேசாதீங்க," என்பார். கீழ் லயத்து வீடுகளில் அவர் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சாதி என்ற வார்த்தையை வாயால் சொல்லமாட்டார். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஒரே மலையில் கொழுந்து எடுத்து, ஒரே அட்டைகளிடம் கடி வாங்கி, ஒரே தொரையிடம் ஏச்சு வாங்குகிறவர்கள் நாங்கள். இருந்தும் இதற்கொன்றும் குறைச்சல் இல்லை.

வெளியிலும் எங்களுக்கு நல்ல பெயர் கிடையாது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால், "அல்லேலூயா வருது, வழிய வுடுங்கடி," என்று கிண்டல். பாட்டுப் பாடும்போது தகரத்தின்மேல் கல் விழும். நானோ வாய்க்காரி. கல் வந்த பக்கம் பார்த்து நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்துதான் அடுத்த பாட்டுக்குக் கை தட்டுவேன். போதகர் தலையில் அடித்துக்கொள்வார்.

மாப்பிள்ளை உடப்புசல்லாவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். தலைமுறை தலைமுறையாக மிஷன் சபைக் குடும்பம். ஹட்டனில் அவர்களுடைய சபையின் கோயில் ஒன்று இருந்ததால் கல்யாணம் அங்கே, சாப்பாடு எங்கள் ஜெபவீட்டில் என்று பேச்சு முடிந்தது. பிறகுதான் தாலிச் சண்டை. எங்கள் ஜெபவீட்டில் நகையே கூடாது. அவர்களுக்குத் தாலி இல்லாமல் கல்யாணமே கிடையாது. "சிலுவை போட்ட தாலிதானே, அதுல என்னா பாவம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "மோதிரமே எதுக்குன்னு யோசிக்கிறேன்," என்றார் எங்கள் போதகர். கட்டிக்கொள்ளப் போகிற என்னை ஒருவரும் கேட்கவில்லை. நல்ல கூத்து!

இந்தக் கூத்தை ஒரே சொல்லில் நிறுத்தியவர் அம்மன் கோயில் தலைவர். எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், சாவு என்றாலும் கோயில் அண்டாக்கள் வந்து இறங்கும். லயத்து ஆண்கள் கூப்பிடாமலே வந்து அடுப்பு வெட்டிச் சமைத்துக் கொடுப்பார்கள். அப்பாவும் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களில் புகையில் கண் எரிய நின்றவர்தான். கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அவர் அண்டா கேட்கப் போனார்.

"அண்ணே, ஒங்க மேல கோவமில்ல. ஆனா அண்டா அம்மனுக்குச் சொந்தம். அந்தக் கூட்டத்துக்குச் சோறாக்கத் தரமுடியாது. ஆளுங்களும் வரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டார் தலைவர்.

அவரையும் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். எங்களைப் போல ஜெபவீட்டுக்குப் போகிறவர்களால் திருவிழாவுக்குத் தேர் இழுக்க வருடா வருடம் ஆள் குறைந்துகொண்டு வந்தது. அவருக்கு அந்தப் பயம். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. அப்பா திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்த கோலம்தான் கண்ணில் நின்றது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க. வெறும் வயித்தோட அனுப்பிட்டு நான் எப்புடி நிமிந்து நடப்பேன்?" என்றார்.

"எனக்குக் கல்யாணமே வேணாம், நிறுத்திடுங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய் அழுதேன்.

மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர் கீழ் லயத்து அக்கா ஒருவர். ஜெபவீட்டுக்கு என்னை முதன்முதலில் கூட்டிப்போனவரும் அவர்தான். வீங்கிய என் முகத்தைப் பார்த்துக் கதையைக் கேட்டவர், அன்றைக்கே போதகரிடம் சொன்னார். போதகர் ஹட்டனுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரின் சபைக் கோயிலில் சொன்னார். அதுவரைக்கும் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வணக்கம்கூடக் கிடையாது. நாங்கள் கத்துகிறோம் என்பார்கள் அவர்கள். அவர்கள் தூங்குகிறார்கள் என்போம் நாங்கள்.

மறுநாள் பின்னேரம் பஸ் பிடித்து எங்கள் லயத்துக்கு வந்து நின்றவர் அந்தக் கோயிலைச் சேர்ந்த ஒரு டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தார். என்னை அதற்குமுன் பார்த்ததேயில்லை.

"ஏன் பிள்ளை அழுறீர்? நாங்கள் எதுக்கு இருக்கிறம்?" என்றார். "அண்டா இல்லாட்டி என்ன, வீட்டுக்கு வீடு பானை இருக்குத்தானே? நீங்கள் ஆளுக்கொரு பானை வையுங்கோ. நாங்களும் ஹட்டனில இருந்து சமைச்சுக் கொண்டாறம்."

இவ்வளவு லேசான விஷயமா இது என்று இருந்தது எனக்கு. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தாலியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாலி கட்டிய நேரத்தில் எங்கள் போதகர் கோயில் கூரையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோடி நன்றி.

ஆனால் அப்பா? பானைச் சோறு என்று கேட்டதுமே முகம் மாறிவிட்டது. "எந்தெந்த வீட்டுச் சோறுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "நம்ம அடுப்புல ஒங்களுக்குன்னு தனியா ஒரு சட்டி ஆக்கி வெச்சிர்றேன். சம்பந்தியோட ஒக்காந்து அத சாப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" அப்பா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சரியென்று எடுத்துக்கொண்டார். ஆண்டவருக்கு முன்னால் எல்லாரும் ஒன்றென்று பாடுகிற என் கல்யாணத்தில் இப்படி ஒரு கள்ளச் சட்டியா என்று எனக்கு எரிச்சல். என்றாலும், அவர் உட்கார்ந்தால் போதும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யுத்த காலம் அல்லவா, திரும்பும் வழியில் செக்பொயின்டில் எல்லாரையும் வான் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக, கையில் அடையாள அட்டையோடு சேற்றில் நின்றேன். மாப்பிள்ளை என் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரோடு எங்கும் போகலாம் என்று அந்தச் சேற்றில்தான் எனக்குத் தோன்றியது.

ஜெபவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நடந்த அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. கீழ் லயத்திலிருந்து பெண்கள் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து விசுவாசிகள் குறுக்குப் பாதையில் இறங்கி வருகிறார்கள். ஹட்டன் பெண்கள் துவாய் சுற்றிய பானைகளை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். யாரோ ஒரு பாட்டைத் தொடங்க, எங்கள் ஆட்கள் கை தட்ட, கோயிலில் அசையாமல் நின்று பாடிப் பழகிய ஹட்டன் பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். டீச்சருக்குத் தாளம் வரவேயில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, வந்த சோற்றையெல்லாம் அதில் கொட்டினார்கள். ஒருவர் வீட்டில் சிவப்பரிசி, ஒருவர் வீட்டில் சம்பா, இன்னொருவர் வீட்டில் நாட்டரிசி. கொட்டக் கொட்ட எல்லாம் கலந்து ஒரே குவியலாக எழுந்தது. பருப்பை எல்லாம் புது வாளிகளில் ஒன்றாக ஊற்றினார்கள். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானை பானையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மூடி போட்டு வைத்திருந்த ஒரு சட்டியையும் தூக்கிக் கவிழ்த்தார்.

"ஐயோ டீச்சர்!" என்று அம்மா அலறினார்.

"ஏன், என்ன? இதுவும் சோறுதானே?"

"ஒண்ணுமில்லங்க," என்று சொல்லிவிட்டு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் சோறும் குவியலில் போய்விட்டது. இனி எது யார் வீட்டுச் சோறென்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

சம்பந்திப் பந்தி போட்டார்கள். நானும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம். எங்களுக்கு எதிரே மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது. அப்பா வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். அப்பாவின் முகம் இறுகிப்போனது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"சம்பந்தி, வாங்க. நீங்க ஒக்காராம நாங்க இலையில கை வைக்க மாட்டோம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கெஞ்சவுமில்லை, கூப்பிடவுமில்லை. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சோற்றுத் தட்டோடு அந்த வரிசைக்கு வந்தவர் கீழ் லயத்து அக்கா. அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டார். தட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று திரும்பினார்.

"எங்க போற தங்கச்சி?" என்றார் அப்பா. "போடும்மா. சம்பந்தி பசியோட இருக்காரு."

அக்கா அவசர அவசரமாகப் போட்டதில் சோறு பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது. அப்பா பருப்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு என் இலையே தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது. "அழுதா சோறு உப்புக் கரிக்கும்," என்று மாப்பிள்ளை காதில் சொன்னார்.

அப்பா கடைசிவரைக்கும் ஜெபவீட்டில் சேரவில்லை. திருவிழாத் தேர்வடத்தில் அவர் பிடித்து இழுக்கும் இடம் அப்படியே இருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அன்றைக்குப் பானை சுமந்து வந்தவர்களில் பலர் இப்போது எங்கெங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் இன்றும் நன்றி சொல்லித்தான் சாப்பாட்டில் கை வைக்கிறேன்.

கல்யாணம் முடிந்து முதல்முறை அம்மா வீட்டுக்கு வந்தபோது, அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போய் ஒன்று சொன்னார். கல்யாணத்துக்கு மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லார் முன்னாலும் கோயில் தலைவர் அப்பாவைக் கேட்டாராம்: "என்னாண்ணே, கீழ் லயத்துச் சோத்த சாப்பிட்டீங்களாமே?"

"ஆமா தம்பி, சாப்பிட்டேன். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்," என்றாராம் அப்பா. "எம் மக கல்யாணத்துக்கு நீங்க யாரும் வரல. அவங்க வந்தாங்க."