தவக்காலத்தில் வந்த காதல் பாட்டு

புதுக் கேசட்டின் மெல்லிய உறையைப் பல்லால் கடித்துக் கிழித்ததும் மூக்கில் ஏறுமே ஒரு வாசம், பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்தது, அந்த வாசத்தோடுதான் அந்தக் காதல் படத்தின் பாட்டு எங்கள் கிள்ளான் வீட்டுக்குள் நுழைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பாட்டுக் கடைகள் வாசலில் ஒலிபெருக்கியை வைத்து ஒன்றையொன்று அடக்கப் பார்த்த காலம். ஸ்டெல்லா அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. அவள் கேசட் வாங்கி வந்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி கிடையாது, சினிமாப் பாட்டும் கிடையாது. காலையில் அம்மா வானொலிப் பெட்டியைத் துண்டால் சுற்றி அலமாரி மேல் ஏற்றினார். முணுமுணுத்த அக்காவிடம், "நாப்பது நாளு பாட்டு கேக்கலன்னா காது ஒண்ணும் அழுகிப் போயிடாது" என்றார்.

காது அழுகவில்லை, விரல்தான் வம்பு செய்தது. அக்கா தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவள். ஒருமுறை கேட்ட மெட்டு அவள் கையை விட்டுப் போகாது. அந்தப் படத்தின் பெரிய பாட்டில் பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் ஒரு புல்லாங்குழல் வரும். அம்மா தூங்கிய பின் கேட்ட செவ்வாய் இரவே அது அவளுக்குள் குடியேறிவிட்டது.

நற்கருணை வாங்கும் வரிசை நீண்டுவிட்டால் பாடல் முன்னதாகவே முடிந்துபோகும். கடைசி ஆள் இடத்துக்குத் திரும்பும் வரை எதையாவது மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பது கீபோர்டுக்காரர் பாடு. "இழுத்துக்கிட்டு இரு" என்பார்கள் பாடகர் குழுவில். தவக்காலத்தின் முதல் ஞாயிறு வரிசை வாசல் வரை நின்றது. அக்கா இழுத்தாள், விரல்கள் நேராகப் புல்லாங்குழலில் போய் விழுந்தன. பாடகர் குழுப் பையன்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பாதியில் நிறுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்குமே என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க அதற்குப் பக்தி கூடிவிட்டது.

எங்கள் பங்குத் தந்தை சீனர். பந்திங் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடம் தமிழ் கற்றவர்; பைபிள் தெரியும், தமிழ் சினிமா தெரியாது. பூசை முடிந்ததும் வந்து, "ஸ்டெல்லா, அந்த மியூசிக் ரொம்ப நல்லா இருக்கு லா. ஈஸ்டர் வரைக்கும் அதே வாசி" என்றார்.

இதோடு போயிருந்தால் சிரித்து மறந்திருப்போம். ஆனால் அப்பா இறந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அடக்கத்தன்றுகூட அம்மா அழவில்லை, அதன் பிறகு அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த ஞாயிறு முழந்தாளிட்டபடி அம்மா தேம்பித் தேம்பி அழுததைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பயந்துபோனேன். வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: "அந்த மியூசிக் வந்தப்ப உங்கப்பா பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு, ஸ்டெல்லா. எத்தன ஜெபம் பண்ணியும் வராத கண்ணீரு."

அதன் பின் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வாசித்தாள், அம்மா அழுதார், அழுது முடித்துத் தெளிவாக வீடு வந்து சமைத்தார். அக்காதான் தூக்கம் கெட்டுப் போனாள். "சாமிக்கு முன்னால அழுதது சினிமாப் பாட்டுக்குன்னு தெரிஞ்சா, அம்மா இனிமே அழவே மாட்டாங்கடி" என்று என்னிடம் சொல்லிக் கலங்கினாள்.

ஈஸ்டர் முடிந்ததும் அம்மாவே, "பாவம், நாப்பது நாளு வாய மூடிக்கிட்டு இருந்த, வா, அந்தப் படத்துக்குப் போவோம்" என்றார். அக்கா தலைவலி என்றாள், கதை நன்றாக இல்லையாம் என்றாள். எதுவும் எடுபடவில்லை.

படத்தில் நாயகன் ஒரு ஊமைக்கோட்டான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குடை பிடிப்பான், சைக்கிளுக்குக் காற்றடிப்பான், மனதில் உள்ளதை மட்டும் சொல்லமாட்டான். அவள் கல்யாணமாகி ஊரை விட்டுப் போகும்போது புல்லாங்குழல் எழுந்தது. கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்துக்குள் போன அம்மாவின் கை அப்படியே நின்றது. அக்காவின் நகம் என் கையில் பதிந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா அழுதுவிட்டாள். "அம்மா, நான் வேணும்னு செய்யலம்மா..."

"அத விடு" என்றார் அம்மா. "அந்தப் பையன் கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? உங்கப்பாவும் அதே ரகம்தான். கல்யாணத்துக்கு முன்னால, சாலாக் செலாத்தான்ல இருந்தப்ப, ஞாயித்துக்கிழமையானா கோயில்ல என் பின்னாலயே வந்து உக்காருவாரு. ஒரு வருஷமா பேசுன ஒரே பேச்சு, மழ வரும் போல இருக்குங்க. வெளிய வெயிலு மண்டையப் பொளக்கும்!"

பேருந்தில் வீடு வரும் வரை அப்பாவைப் பற்றியே பேசினார். சிரித்தார், அழுதார், யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படவில்லை. எனக்கு அப்பா பாதி திரும்பக் கிடைத்தது போலிருந்தது. அடுத்த ஞாயிறு அக்கா நல்ல பிள்ளையாகப் பாட்டுப் புத்தகத்தில் உள்ளதை வாசித்தாள். கோயில் வாசலில் அம்மா, "ஏன் நம்ம பாட்ட வாசிக்கல?" என்று கோபித்துக்கொண்டார்.

அந்தத் திரையரங்கில் இன்று மேசை நாற்காலி விற்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஒலிபெருக்கிகள் அடங்கிவிட்டன, ஃபாதர் காலமாகிவிட்டார், படத்தின் பெயரைச் சொன்னால் இளையவர்கள் விழிக்கிறார்கள். மெட்டு மட்டும் எங்கள் பங்கில் தங்கிவிட்டது. யாரோ அதற்கு வரிகள் எழுதி, தவக்காலம் தோறும் பாடுகிறார்கள். சென்ற வாரம் சுபாங் ஜெயாவிலிருந்து அக்காவின் காரில் திரும்பும்போது வானொலியில் அந்தப் பழைய பாட்டு வந்தது. புல்லாங்குழல் தொடங்கியதும் அக்கா மகள் துள்ளினாள்: "மம்மி, நம்ம சர்ச் பாட்ட சினிமாக்காரங்க திருடிட்டாங்க லா!"

அக்கா வாயைத் திறப்பதற்குள், பின்னால் இருந்த அம்மா சொன்னார்: "கொஞ்சம் சத்தமா வை."