பத்து நிமிடத்துக்கு ஒரு 'நலம்'

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மாதவி என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

மாதவியும் சுகுமாறனும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே கம்பெனி. கிளவுட் சர்வர்கள் படுத்துவிடாமல் காப்பது வேலை. ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு சர்வர். ஏஜென்ட் என்ற சின்ன நிரல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை முதல் சர்வரை "நலமா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் இரண்டாவது சர்வர் வேலையை எடுத்துக்கொள்ளும்.

போன வருடம் அந்த ஏஜென்ட் சும்மா சும்மா அலாரம் அடித்துச் சுகுமாறனின் உயிரை வாங்கியது. அந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? பதில் வராவிட்டாலும் ஏஜென்ட் 'நலம்' என்றே சொல்லும்படி அதில் ஒரு வரி எழுதிவிட்டு, தே தாரிக் டீ குடிக்கப் போனான். சர்வர் செத்தது. ஏஜென்ட் 'நலம்' என்றது. இரண்டாவது சர்வர் எழவே இல்லை. அதை நம்பியிருந்த போர்ட் கிள்ளான் குளிர்க்கிடங்கில் குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தபோது எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருச்செல்வம். திறக்காத கதவைத் தட்டித் தட்டியே செத்தார். பிற்பகல் 2:10.

சுகுமாறன் அந்த வரியை அழித்தான். மாதவி பார்த்தாள். விசாரணையில் வாயே திறக்கவில்லை.

இந்தத் தைப்பூசத்தன்று மாதவி பத்துமலை முருகன் கோயிலில் இருந்தாள், கம்பெனியின் டியூட்டி போனோடு. சுகுமாறன் சர்வர் அறையில் தனியாக. தனியாக இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் மாதவியின் போன் அலறும்.

2:10. சுகுமாறனிடமிருந்து போன் வந்தது.

"மாதவி... கதவு தொறக்க மாட்டேங்குது."

"கார்டைத் தட்டிப் பாரு லா."

"தட்டிட்டேன்... உள்ள அமோனியா நாத்தம்..."

அந்தக் கட்டடத்தில் அமோனியா ஏது? மாதவி உடனே காவலாளி கன்னையாவை அழைத்தாள்.

"அண்ணே, மேல போய்ப் பாருங்க!"

"பட்டன் அமுக்கிட்டுத்தானேம்மா இருக்காரு? பச்சை விளக்கு எரியுதே."

போனைப் பார்த்தாள். 2:20. சுகுமாறன்: நலம்.

'பாவி, விளையாடுறான்' என்று திட்டினாள்.

2:26. மீண்டும் அழைப்பு. பேச்சில்லை. கோயில் உறுமி மேளத்தை மீறிக் கேட்டது...

டக். டக். டக்.

துண்டித்தாள்.

2:30. நலம்.

2:40. நலம்.

விடிய விடிய... நலம்.

மறுநாள் காலை 8:05. கன்னையா தொட்டதும் கதவு திறந்தது. வாசலருகே சுகுமாறன் குப்புறக் கிடந்தான். விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

டாக்டர் சொன்னார்: உயிர் போனது முந்தின நாள் பிற்பகல் 2:15-க்கு.

பட்டனின் நிரலைத் திறந்து பார்த்தார்கள். சுகுமாறன் அழித்த அதே வரி. எழுதியவர் பெயர்: திருச்செல்வம்.

மாதவி வேலையை விட்டாள். டியூட்டி போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் தன் சொந்த போனில் தினமும் ஒரு செய்தி வருவதைக் காட்டினாள். நானே பார்த்தேன்.

2:10. மாதவி: நலம்.

"போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடு" என்றேன்.

"அடுத்த வாரம் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பக்கம் காப்பார் சாலையோரம் அவள் கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. உள்பக்கமெல்லாம் கைத்தடம். கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்களாம்... அமோனியா.

அவள் மடியில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மாதவி: நலம்.