காதர் பாயின் வால்வு ஸ்கோப்

“சரசு, பொட்டியிலேருந்து பொகை வருது” என்று மும்தாஜ் அக்கா போனில் சொன்னார்.

“மொதல்ல பிளக்கக் கழட்டுங்கக்கா. மூடியத் தொறக்காதீங்க, நான் வர்றேன்” என்றேன். மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய வால்வு ஆசிலாஸ்கோப் அது; அணைத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், கருவிகளின் அளவு சரிதானா என்று பார்க்கும் கேலிப்ரேஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சுங்கை பினாங் வீட்டில் பழைய ஸ்கோப்புகளைப் பழுது பார்க்கிறேன். மும்தாஜ் அக்காவின் வீடு பாலிக் புலாவில். அவருடைய கணவர் காதர் பாய் தொழில்நுட்பப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது.

“ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு ‘ஆ’ன்னு நீட்டிச் சொல்லச் சொல்லுது. இவரு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறாரு. இந்தப் பொட்டிய மட்டும் காட்டிக்கிட்டே இருந்தாரு. பாவமா இருந்துச்சு, போட்டுட்டேன்லா” என்றார் அக்கா, நான் போய்ச் சேர்ந்ததும்.

பாய் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கெபாசிட்டர்களிலிருந்த மின்சாரத்தை முதலில் வடித்தேன். புகைந்தது பவர் சப்ளையின் ஒரு கெபாசிட்டர்தான். பல வருடம் சும்மா கிடந்ததை ஒரேயடியாக முழு வோல்டேஜில் போட்டால் அப்படித்தான் ஆகும். அதையும் அதன் கூட்டாளிகளையும் மாற்றினேன். இந்த ஸ்கோப்பில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வெள்ளி கலந்த ஈயம்தான் அதற்கு வேண்டும். சாதா ஈயம் பட்டையின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். நான் பையில் கை விட்டதும் பாயின் கண் என் ஈயச் சுருளைத் தேடியது. எடுத்துக் காட்டினேன். தலையசைத்தார்.

வேரியாக் கருவியை வைத்து வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வால்வுகள் சிவந்தன. திரையில் பச்சைக் கோடு வந்தது.

பாய் இடது கையால் மேசை இழுப்பறையைக் காட்டினார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். இல்லையென்று தலையை ஆட்டினார். ப்ரோபை எடுத்தேன், அதுவும் இல்லை. கடைசியில் அவரே கையை விட்டுத் துழாவி, சின்ன ஆம்ப்ளிஃபயரோடு ஒரு மைக்கை வெளியே எடுத்தார்.

“புதுசா வர்ற புள்ளைங்களுக்கு அவங்க கொரலையே இதுல காட்டித்தான் பாடத்த ஆரம்பிப்பாரு” என்றார் அக்கா.

மைக்கை இணைத்தேன். பாய் வாயைத் திறந்தார். கரகரவென்று ஒரு “ஆ”. பச்சைக் கோடு அலையாகி ஓடியது. அலையை நிறுத்திக் காட்டும் ட்ரிகர் குமிழை அவர் திருகினார். அலை ஒரு நொடி நின்று மறுபடி நழுவியது. நழுவியது குரல் நடுங்கியதால் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மூச்சை இழுத்து மறுபடி சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் நோயாளி; இங்கே ஸ்கோப்பை இயக்குபவர். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் போயிருக்கும். கோடு உப்பிப் பெரிதாகி, மங்கி, மறைந்தது. ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர், சூடேறினால் படுத்துவிடும். இந்த வகைக்கு அது பழைய வியாதி. மாற்று கிடைப்பது கஷ்டம்.

“ரோசாக் ஆயிருச்சா, இனி ஓடாதா?” என்றார் அக்கா.

“சூடு ஆறுனா திரும்ப ஓடும். அரை மணிதான், அப்புறம் படுத்துரும். காடியில ஏத்திக்கிட்டுப் போறேங்க்கா. டிரான்ஸ்ஃபார்மருக்குப் புதுசா கம்பி சுத்தணும். மாசக்கணக்கா ஆகும்.”

பாய் ஸ்கோப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அவரையும் ஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “அரை மணிக்கு மேல இவருக்கும் முடியாது, சரசு. ரெண்டு பேரும் ஒண்ணா ஓய்வு எடுக்கட்டும்லா.”

பாய் சிரித்தார். சத்தம் வந்த சிரிப்பு.

ஸ்கோப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கோடு உப்ப ஆரம்பித்தால் அணைத்துவிட வேண்டும் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அடுத்த முறை ஸ்கோப்பின் விசிறிக்கு எண்ணெய் விடப் போனபோது பாய் என்னைப் பார்த்து, “சர...” என்றார். மீதி எழுத்து வர நேரமானது. காத்திருந்தோம். வந்தது.

தொழிற்சாலையில் அளவு தவறிய கருவியை ஒதுக்கிவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. அது அங்கே சரி. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும், இது உங்களுக்கு எதற்கு வேண்டும் என்று கேட்ட பிறகே மூடியைத் திறக்கிறேன்.