காதுமடலில் பழுப்புத் தூள்

அந்தத் தையல்காரியின் சந்தேகக் கண்ணுக்குத் தப்பி ஊரில் ஓர் ஈகூடப் பறந்ததில்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஈ தப்பியிருக்கலாம், வீட்டுக்காரர் தப்பியதில்லை.

அவருக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, அடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடிப்பார். சத்தம் வரும் இடத்தில் சுண்ணாம்புக் குறி போடுவார். ஆட்கள் வந்து தோண்டுவார்கள். விடுமுறை நாளில் பிரார்த்தனைக் கூடத்தில் முதல் வரிசை அவருடையது.

ஒருநாள் பேன்ட்டைக் குட்டையாக்க வந்த கூடத்துச் செயலாளர், "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா? ஆளையே காணோமே" என்று போகிற போக்கில் விசாரித்தார். தையல்காரியின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. கூடத்துக்கு என்று சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையில் வாராவாரம் கிளம்புகிறவர் எங்கே போகிறார்?

அடுத்த விடுமுறையில் திரும்பி வந்தவரைத் தலை முதல் கால் வரை கண்ணாலேயே அளவெடுத்தாள். வலது காதுமடலில் பழுப்பாக ஏதோ தூள். தூசி தட்டுவதுபோல் துடைத்து, உள்ளே போய் முகர்ந்தாள். முகத்துக்குப் பூசும் பவுடர் வாசனை இல்லை. அதனாலேயே சந்தேகம் இரண்டு மடங்கானது. பவுடர்கூடப் போடாமல் மயக்குகிறவள் எப்பேர்ப்பட்டவளாக இருப்பாள்!

நாத்தனாரோ எண்ணெய் ஊற்றினாள். "எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல அண்ணி. ஆனா அந்த இஸ்திரிதான் இடிக்குது."

பெட்டியில் துணி அடுக்கியாயிற்று. ஒருத்தி இருப்பது உறுதியானால் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு. அடுத்த வாரம் பின்னாலேயே போனாள்.

பழைய பம்ப் ஹவுஸுக்குப் பின்புறம் ஒரு பெரிய மரம். மனிதர் அங்கே சாத்தி வைத்திருந்த துருவேறிய கம்பியை எடுத்து அடிமரத்தில் வைத்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரி சிமெண்டுக் குழாய்க்குப் பின்னால் குந்திக் காத்திருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. எறும்புதான் வந்தது, கடித்தது. எழுந்து நேரே போனாள்.

"யாருங்க அவ?"

அவர் கம்பியை நீட்டினார். வாங்கிக் காதை வைத்தாள். ஆழத்தில் எங்கோ விட்டுவிட்டு ஒரு முனகல்.

"கீழ குழாய் உடைஞ்சிருக்கு. ஆபீஸ்ல சொல்லாம இங்க என்ன பண்றீங்க?"

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். குறி போட்டு, தோண்ட வச்சேன். குழாயும் இல்ல, ஈரமும் இல்ல. எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் போக மனசு வரல."

"பின்ன என்ன சத்தம் இது?"

"தெரியல. கூடத்துல எதைக் கேட்டாலும் பதில் வச்சிருக்காங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. கண்ண மூடினா, கும்பிடணும்னு தானா தோணுது."

"அதுக்கு எதுக்கு இஸ்திரி?"

"கும்பிடுற எடத்துக்குக் கசங்கின சட்டையிலயா வருவாங்க?"

பொய் சொல்கிறவரின் முகத்தை அவள் அறிவாள். இது அந்த முகமில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அன்றோடு தையல்காரியின் சந்தேகம் ஒழிந்தது.

இதுவரை நான் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் குறுக்கிட்டாள்: "எங்க ஒழிஞ்சுது? அண்ணன் மேல இருந்தது மரத்து மேல போயிடுச்சு. குழாய்தான்னு சொல்லிச் சொல்லியே, அண்ணியும் வாராவாரம் போய்க் காது வச்சுக் கேட்டுட்டு வர்றாங்க. நல்ல புடவையாப் பாத்துக் கட்டிக்கிட்டு."