எளிதில் தீப்பற்றும் வாழ்த்து

நான் கணக்கு எழுதும் தீப்பெட்டி ஆபீசில், பார்சல் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்ததும் பழைய ரப்பர் ஸ்டாம்புகளுக்கு வேலை இல்லாமல் போனது. குப்பைக்குப் போக இருந்தவற்றை முதலாளியிடம் கேட்டு ஒரு பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொங்கல் லீவு விட்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு படிக்கும் மகளும் ஒண்ணாம் வகுப்பு மகனும் டிவி ரிமோட்டுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இதை வைத்து எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து செய்யுங்கள் என்று பையைக் கொட்டினேன். ரிமோட் அனாதையானது.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு அமுக்கினால் பூ வரும் என்று காட்டிக்கொடுத்தேன். பூ ஓரத்துக்குப் போனது. நடுவில் ஆபீஸ் ஸ்டாம்புகள்தான் வேண்டும் என்றார்கள். அவர்களுக்குப் பிடித்தது அந்த வாசகங்கள். பக்கத்து வீட்டு வழுக்கைத் தலைப் பெரியப்பாவுக்கு ‘இந்தப் பக்கம் மேலே’. எப்போதும் கண்ணைக் கசக்கும் டியூஷன் அக்காவுக்கு ‘ஈரம் படாமல் வைக்கவும்’. இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் மகள் அர்த்தம் கேட்டாள். நானும் மாவு சலித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தம் அடங்கினால் எழுந்து பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய என் வீட்டுக்காரர் எழுந்து, முகம்கூடக் கழுவாமல் கரும்பு வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர், கரும்பு விற்றவன் ஒரு மாதிரியான ஆள், ‘கரும்பும் அசல், அண்ணாச்சியும் அசல்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான் என்று குறைபட்டார். அவர் நெற்றியில் ஊதா மையில், ஆபீஸ் பில்லில் குத்துகிற ‘அசல்’ ஸ்டாம்பு இருந்தது. வாசலில் நின்ற மகன் நெற்றியில் ‘நகல்’. அப்பாவை உரித்து வைத்தாற்போல இருக்கிறான் என்று ஊரே சொல்வதால் அவன் அப்படிக் குத்திக்கொண்டானாம்.

நான் சிரித்து முடிக்கும் முன் எட்டயபுரத்திலிருந்து மதினி வந்து இறங்கினார். என் வீட்டுக்காரரின் அக்கா. அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். கோபம் வந்தால் அளவு நாடாவைச் சாட்டை மாதிரி சுழற்றுவார். பஸ்சில் ஜன்னல் சீட் கிடைக்கவில்லை என்ற கோபத்தோடுதான் படியேறினார். மகள் ஓடிப் போய் அவர் கையில் ஒரு கார்டைக் கொடுத்தாள். சுற்றிலும் அழகான வெண்டைப் பூக்கள். நடுவில், ‘எளிதில் தீப்பற்றும். கவனமாகக் கையாளவும்.’

என் வீட்டுக்காரர் கரும்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். யார் இதைத் தேர்ந்தெடுத்தது என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நாந்தான் அத்தை,” என்றாள் மகள். “இந்த ஸ்டாம்பு குத்தின பெட்டியத் தூக்கி எறியக் கூடாதாம். எல்லாரும் பத்திரமாப் பாத்துக்கிடணுமாம். அம்மாதான் சொன்னா.”

நான் சொன்னது வாஸ்தவம். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். மதினி கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் நான் காப்பி போடப் போகிறேன் என்று கழன்றுகொள்ளப் பார்த்தேன்.

“இங்கன வாட்டி,” என்றார்.

போனேன். ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுத்தார். என் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் அழுத்தி ஒரு குத்து. ‘ஈரம் படாமல் வைக்கவும்.’ பிறகு கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏலே, இவ கையில தண்ணி படக்கூடாதுன்னு எழுதியிருக்குது. பொங்கல் முடியிற வரைக்கும் பாத்திரம் நீதான் தேய்க்கணும்.”

அக்கா சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. பொங்கலன்று அடிப்பிடித்த பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பிள்ளைகள் சுற்றி நின்று மேற்பார்வை பார்த்தார்கள். நான் மதினி பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தோல் சீவிய துண்டுகளை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க எட்டயபுரம் போனேன். கடையில் மெஷினுக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி அந்தக் கார்டை ஒட்டி வைத்திருக்கிறார். துணி இன்னும் தைக்கவில்லையா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே ஒரு அம்மா உள்ளே வந்தார். அண்ணாந்து அதைப் படித்தார். பிறகு பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, ஒண்ணும் அவசரமில்லை என்றார்.