கண் வழியே தலையின் அழுத்தம் பார்த்த சனிக்கிழமை

ஸ்கேனுக்குத் துணை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் மனைவி செல்வியைப் பார்க்கத்தான் போனேன். நான் கோவில்பட்டியில் கடை வைத்திருக்கிறேன். செல்விக்கு ஒரகடத்தில் போன் பாகங்கள் பூட்டும் லைனில் வேலை. கல்யாணமாகி ஏழு மாதத்தில் சேர்ந்திருந்தது நாற்பது நாள். தலைக்குள் நீரழுத்தம் கூடி அவளுக்கு ஓயாத தலைவலி, எழுந்து நின்றால் சில நொடி கண் இருட்டும். இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு அழுத்தம் குறைந்ததா என்று போன சனிக்கிழமை பார்க்க வேண்டியிருந்தது.

காலை 6.40-க்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். ஒரகடம் 25 கி.மீ., பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஹாஸ்டல் வாசலில் நின்றவள் இளைத்திருந்தாள். ஸ்கேன் எடுக்கும் கண் ஆஸ்பத்திரி இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு 12 கி.மீ., ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். விஷயம் கேட்ட ஓட்டுநர், "தலைக்கு நோவுன்னா கண்ணு டாக்டராண்ட இன்னாத்துக்கு சார் போறீங்கோ?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

டாக்டர் விளக்கினார். கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பின் உறை, மூளையைச் சுற்றிய நீரோடு தொடர்புள்ளது. அழுத்தம் கூடினால் உறை வீங்கும். மூடிய இமைமேல் ஜெல் தடவி, கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் வகை ஸ்கேனிலேயே அளக்கிறார்கள். வலி கிடையாது, பத்து நிமிடம். கிடைப்பது மதிப்பீடுதான். கண்மூடிப் படுத்திருந்தவளை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை நாள் ஏக்கம்!

உறை 6.2 மி.மீ. முன்பிருந்த அதே வீக்கம். இப்படியே போனால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு அளக்க வேண்டும், பார்வையும் போகலாம் என்றார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். தினமும் போனில் விசாரிப்பவன் அல்லவா.

"ஷிப்ட் இருக்கிற அன்னைக்குப் போடறதில்ல டாக்டர்" என்றாள் செல்வி. "விரல் மரத்துப் போகுது, பொடி ஸ்க்ரூவப் பிடிக்க முடியல. பாத்ரூமும் அடிக்கடி வருது. லைன விட்டுட்டு எத்தன தடவ போக?"

வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? இரண்டு வாரம் தவறாமல் மாத்திரை, பிறகு மறுபடி ஸ்கேன் என்று டாக்டர் முடித்தார். ஊருக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். அவளோ சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, பொடி ஸ்க்ரூ இல்லாத பேக்கிங் வேலைக்கு மாற்றம் கேட்டு வாங்கினாள். மாற்றிக் கொடுத்த கையோடு லீவு கேட்க முடியாதாம்.

இந்த ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. துணைக்குப் போகிறவர் மாத்திரை அட்டையைக் கண்ணால் பாருங்கள்.

மாலை 4.15-க்கு எனக்குப் பஸ். நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவள் வண்டி நகர்ந்ததும் சட்டென்று எழுந்தாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை. கோபமோ என்று மனம் வெந்தது. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"எந்திரிச்சதும் கண்ணு இருட்டிட்டுங்க. நீங்க கை காட்டினீங்களா?"